மரியோ பிக்ராஸ்: ஒசாகா - கியோட்டோ ரயிலில் ஒரு உளி

ஒசாகா நிப்பொன்பாஷியில் பழைய கேம்கள் விற்கும் ஒரு கடை. வாசல் கூடையில் அட்டைப்பெட்டி, கையேடு எதுவும் இல்லாத கேம் பாய் (நின்டெண்டோவின் பழைய கையடக்க கேம் கருவி) கார்ட்ரிட்ஜ்கள், அதாவது அதில் செருகும் கேம் பெட்டிகள், கூறு கட்டிய கத்தரிக்காய் மாதிரி குவிந்து கிடந்தன. கிளறி எடுத்தது 'மரியோ பிக்ராஸ்', 1995இல் வந்தது. 500 யென். சின்ன வயதில் எனக்கு வாய்த்தது திருவிழாக் கடை '9999 இன் 1' பிரிக் கேம்தான். அசல் கேம் பாயைத் தொட்டதே முப்பத்தெட்டு வயதில். நாலு பென்சில் பேட்டரி போட்டால் செங்கல் கனம்; திரை பாசி படிந்த குளத்து நிறம்.

இது ஒரு புதிர் விளையாட்டு: சதுரக் கட்டங்கள், ஓரத்தில் எண்கள். ஒரு வரிசைக்கு 4 3 5 என்றிருந்தால் தொடர்ந்து நாலு கட்டத்தை உளியால் செதுக்கிக் கருப்பாக்க வேண்டும், பிறகு மூன்று, பிறகு ஐந்து. நடுவில் ஒரு கட்டமாவது காலி. மேலிருந்து கீழும் இதே கணக்கு. எல்லாம் பொருந்தினால் படம் வரும். பதினைந்து கட்ட வரிசையில் 4 3 5ஐ இடைவெளியோடு கூட்டுங்கள்: 14. ஆக மொத்தமும் ஒரு கட்டம்தான் அசைய முடியும். நாலில் மூன்று, மூன்றில் இரண்டு, ஐந்தில் நாலு கட்டங்களை யோசிக்காமல் செதுக்கலாம். வெறும் 8 என்றிருந்தால் நட்ட நடுக் கட்டம் ஒன்றுதான் நிச்சயம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, அங்கிருந்து பக்கவாட்டில் போய்... எனக்கு ஒட்டிக்கொண்ட பைத்தியம் இந்த அலைச்சல்தான்.

(இந்தப் புதிர் வகையின் மூலவர்களில் ஒருவரான நொன் இஷிடா, 1987இல் டோக்கியோவில் நடந்த ஒரு போட்டியில் உயரக் கட்டட ஜன்னல்களின் விளக்கை ஏற்றியும் அணைத்தும் படம் காட்டிப் பரிசு வாங்கியவர். அவர் பெயரிலிருந்துதான் இந்தப் புதிரைக் குறிக்கும் 'நொனோகிராம்' என்ற சொல்லே.)

ஒரு புதிருக்கு 30 நிமிடம் கெடு. ஒசாகாவில் வேகரயில் ஏறினால் கியோட்டோ வர எனக்கு ஏறக்குறைய அதே நேரம். இதை உருவாக்கிய ஜூபிடர் நிறுவனமும் கியோட்டோவில்தான் இருக்கிறது. ரயிலுக்கு அளவெடுத்துத் தைத்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆனால் அந்தக் கடிகாரத்தோடுதான் என் சண்டை. தப்பான கட்டத்தில் உளி வைத்தால் 2 நிமிடம் போச்சு. அடுத்த தப்புக்கு 4, பிறகு ஒவ்வொன்றுக்கும் 8. கண்டிப்பான வாத்தியார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, தப்பு என்று சொல்லும்போதே அந்தக் கட்டம் காலி என்பதையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மாட்டிக்கொண்ட இடத்தில் குருட்டாம்போக்கில் ஒரு குத்து. 2 நிமிட லஞ்சத்தில் விடை கையில். நேற்று வழியில் தகாட்சுகி நிலையம் தாண்டியதும் இந்த வேலையைச் செய்தேன். படம் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அதே ஆண்டு சூப்பர் ஃபாமிகாமுக்கு (டிவியில் மாட்டி ஆடும் நின்டெண்டோ கருவி) வந்த 'மரியோ சூப்பர் பிக்ராஸ்'இல் மரியோவின் எதிராளி வாரியோவின் புதிர்கள் தப்பைச் சொல்லாது, நேரமும் பிடுங்காது. பக்கம் பக்கமாக யோசித்துவிட்டு எங்கே பிசகினோம் என்று நாமே திரும்பித் தேட வேண்டும். என் ஓட்டு வாரியோவுக்கு. ஆனால் அதை ரயிலில் எடுத்துப் போக முடியாதே!

மொத்தம் 256 புதிர்கள். முதல் சில நாள் குழந்தைக் கணக்கு, அவசரமாகக் கடந்துவிடலாம். பெரிய கட்டங்களில் எண்கள் எறும்பு சைஸ். திரைக்குள் விளக்கு கிடையாது, ஜன்னலோர இருக்கை கிடைத்தால் யோகம். படம் முடிந்ததும் அதன் பெயர் ஜப்பானிய எழுத்தில் வரும். எனக்கு வாசிக்கத் தெரிந்தது பாதி. மீதிக்கு, கருப்புக் கட்டங்களைக் கண் சுருக்கிப் பார்த்து நானே ஒரு பெயர் வைத்துக்கொள்கிறேன்.

ஒரே ஏமாற்றம் கடைக்காரரால். ஓடும் என்றார், ஓடுகிறது. ஆனால் முடித்த புதிர்களைச் சேமிக்கும் பேட்டரி கார்ட்ரிட்ஜுக்குள் செத்துக் கிடந்தது. பன்னிரண்டு புதிர் முடித்து அணைத்தேன், காலையில் பூஜ்யம். ஈயம் பற்றவைத்துப் புது பேட்டரி மாற்றியதில் கார்ட்ரிட்ஜ் விலையைவிடச் செலவு அதிகம். வாங்குகிறவர்கள் கடையிலேயே சின்னப் புதிர் ஒன்றை முடித்து, அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.