இடம் மாற்றுவதா, இன்னொன்று திறப்பதா? ஆம்புலன்ஸ் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு

ஒரு வட்டாரத்துக்கு அவசர சிகிச்சைப் பிரிவு தேவைப்படும்போது, வேறிடத்தில் இருப்பதை அங்கே கொண்டுபோகலாம். அல்லது பழையதை விட்டுவைத்துப் புதிதாக ஒன்றைத் திறக்கலாம். சிங்கப்பூர் இரண்டையும் செய்திருக்கிறது. எது மேல் என்பதை நோயாளி பயணம் செய்யும் தூரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆம்புலன்ஸ் கேட்டு 995 எண்ணுக்கு அழைப்பு வந்ததிலிருந்து வண்டி அடுத்த அழைப்புக்குத் தயாராகும்வரை ஆகும் நேரம் முழுவதையும் பார்க்க வேண்டும்.

2015இல் குவீன்ஸ்டவுனில் உள்ள அலெக்சாண்டிரா மருத்துவமனையின் அவசரப் பிரிவு, தீவின் மேற்கே ஜூரோங் ஈஸ்ட்டில் திறக்கப்பட்ட இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனைக்குப் போனது. மேற்கிலுள்ள பூன் லே வாசியை ஏற்றிய வண்டி தீவின் நடுப்பகுதிவரை வந்து, காலியாகத் திரும்பிய நிலை அதனால் மாறியது. குவீன்ஸ்டவுன் பெரியவர்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இன்னும் குறைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒருபுறம் கென்ட் ரிட்ஜிலும் மறுபுறம் ஊட்ரமிலும் பெரிய மருத்துவமனைகள் அவர்களுக்கு உண்டு. 1997இல் தோ பாயோ மருத்துவமனை கிழக்கே சீமெய்க்கு மாறியபோதும், பக்கத்திலேயே டான் டோக் செங் மருத்துவமனை இருந்தது.

இதில் மறைந்திருக்கும் செலவு, அந்த அண்டை மருத்துவமனையின் வாசலில் தெரியும். தாதியிடம் நோயாளியின் நிலையைச் சொல்லி, தள்ளுபடுக்கையிலிருந்து அவரை மாற்றி, விரிப்பை எடுத்து, படுக்கையைத் துடைத்து, பயன்படுத்திய பொருள்களை நிரப்பிய பிறகே குழு புறப்பட முடியும். உள்ளே படுக்கை காலியில்லை என்றால் முதல் படியிலேயே வண்டி நின்றுவிடும். சாலையில் மிச்சப்பட்ட நிமிடங்கள் அங்கே கரைந்துவிடும்.

இரண்டாம் வழிக்கு வடக்கே உதாரணம். 2010இல் ஈசூனில் கூ டெக் புவாட் மருத்துவமனை திறந்தது. 2024இல் உட்லண்ட்சிலும் ஓர் அவசரப் பிரிவு வந்தது. எவருக்கும் வாசல் தூரமாகவில்லை, வரிசையும் இரண்டாகப் பிரிகிறது. ஆனால் மருத்துவர்களையும் தாதியரையும் இரண்டு இடங்களுக்கும் தேட வேண்டும். மேல்மாடி வார்டுகள் நிரம்பியிருந்தால் புது வாசலிலும் வண்டி காத்துத்தான் நிற்கும்.

பழைய இடத்தில் சிறு அவசரப் பராமரிப்பு நிலையம் வைப்பது நடந்து வருவோருக்கு நல்லது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அது போதாது.

என் பார்வையில், அண்டை மருத்துவமனைக்குத் தாங்கும் இடமிருந்தால் இடமாற்றம் குறைந்த செலவில் முடியும். இல்லையென்றால் இரண்டாவது வாசலே சரி. கிழக்கே பிடோக் நார்த்தில் திட்டமிடப்பட்டுள்ள பொது மருத்துவமனையும் அந்த இரண்டாம் வகைதான்: சீமெய் வாசல் மூடப்படாது, பிடோக் வண்டிகள் மட்டும் அங்கிருந்து விலகும்.