ரிக்டரா, உந்தத்திறன் அளவா?

"ரிக்டர் அளவுகோலில் 7.8" என்று செய்திகளில் இன்றும் வாசிக்கிறார்கள். பெரிய நிலநடுக்கங்களுக்கு அந்த அளவுகோலை விஞ்ஞானிகள் விட்டு, உந்தத்திறன் அளவு (moment magnitude) என்ற வேறொரு அளவுகோலுக்கு மாறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

நிலநடுக்க ஆய்வாளர் சார்லஸ் ரிக்டர் 1935இல் கலிபோர்னியாவுக்காக அதை உருவாக்கினார். அதிர்வைப் பதியும் கருவி வரைந்த அலையின் உயரமும் நிலநடுக்கம் நடந்த தூரமும் தெரிந்தால் போதும், எண் கிடைத்துவிடும். அருகில் நடக்கும் சிறிய, நடுத்தர அதிர்வுகளுக்கு இப்போதும் கைகொடுக்கும். ஆனால் சுமார் 7ஐத் தாண்டினால் திணறும். நிலநடுக்கம் எவ்வளவு பெரிதானாலும் எண் அதற்கேற்ப ஏறாது.

உந்தத்திறன் அளவு 1979இல் வந்தது. ஹாங்க்ஸ், கனமோரி என்ற இரு நிலநடுக்க ஆய்வாளர்களின் பணி. இது அலையோடு நிற்காமல் பூமிக்குள் உடைந்த இடத்துக்கே போகிறது. எவ்வளவு பரப்பு பிளந்தது, பாறை எத்தனை மீட்டர் நகர்ந்தது, அந்தப் பாறை எவ்வளவு விறைப்பானது என்று மூன்றையும் பெருக்கிப் பார்க்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் தொடங்கிய பிளவு சுமார் 1,300 கி.மீ. நீண்டது. அளவு 9.1. நாகப்பட்டினம் வரை சுனாமியை அனுப்பிய அந்தப் பிளவின் முழு வலிமையை ரிக்டர் முறை காட்டியிருக்காது.

சரி, உந்தத்திறனைத் துல்லியமாகக் கணக்கிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். கரையோர மக்களுக்கு எச்சரிக்கை தரவேண்டிய வேளையில் அது பெரிய குறைதான். ஆனாலும் என் தேர்வு இதுவே. ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்காகிறது. 8ஐயும் 9ஐயும் பிரித்துச் சொல்ல முடியாத அளவுகோலை நம்பிக் கடற்கரையில் மக்களை நிறுத்த முடியாது.