யூவெர்ஷன் ஆப்பில் ஓராண்டு வேத வாசிப்பு: டெல்டாக்காரர்களுக்கு ஒத்துவருமா?

வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்த கையோடு பலர் போனில் தொடங்குவது யூவெர்ஷன் என்ற வேதாகம ஆப்பின் ஓராண்டுத் திட்டத்தைத்தான். காசு இல்லை, விளம்பரத் தொல்லை இல்லை. அமெரிக்காவின் லைஃப் சர்ச் 2008-ல் வெளியிட்டது. நம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பும் இதில் உண்டு. ஆப்பில் பெரிய குறை இல்லை. நாம் தொடங்கும் தேதியில்தான் கோளாறு.

வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்றேகால். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. வரிசையாகப் படித்துப் போனால் ஜனவரி 28 வாக்கில் லேவியராகமம் வந்துவிடும். பலி முறைமைகள், தீட்டுச் சட்டங்கள் என்று மெதுவாகவே நகரும் பகுதி. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் சம்பா அறுவடை நடப்பதும் அப்போதுதான். அறுவடை மெஷினுக்குக் காத்திருப்பு, கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு ராத்திரிக் காவல், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி காயப்போடும் வேலை. வாசிக்கக் கடினமான புத்தகமும் உடம்பு அசந்த மாதமும் சேர்ந்து வந்தால் யாருக்குத்தான் ஓடும்? பிப்ரவரியில் வாசிப்பு நின்றவர்களைப் பக்தி இல்லாதவர்கள் என்பது அநியாயம்.

எந்தத் தேதியிலும் தொடங்க ஆப் விடுகிறது. களம் காலியான பிறகு, பங்குனியில் தொடங்குங்கள். முதல் தடவை வாசிப்பவர் என்றால் புதிய ஏற்பாடு மட்டும் போதும்: 260 அதிகாரங்கள், திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று, சரியாக 52 வாரம். சனியும் ஞாயிறும் விட்டதைப் பிடிக்க.

நாள் விட்டுப்போனால் பதறி ஒரே ராத்திரியில் பன்னிரண்டு அதிகாரம் ஓட்ட வேண்டாம். திட்டத்துக்குள் விட்ட நாளை இன்றைய தேதிக்கு நகர்த்தும் வசதி இருக்கிறது. முடியும் தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

அடுத்த சிக்கல் போனே. மத்தேயு 6:33-ல் 'முதலாவது' என்று இருக்கிறது. காலையில் போனை எடுத்தால் முதலாவது வருவது வாட்ஸ்அப். வேதம் திறப்பதற்குள் ஒரு துக்கச் செய்தி, இரண்டு பிறந்தநாள் வாழ்த்து, யூரியா எந்தக் கடையில் வந்திருக்கிறது என்ற தகவல். இதற்கு ஆப் ஒன்றும் செய்யாது, நாம்தான் செய்யவேண்டும். மறுநாள் பகுதியை ராத்திரியே திறந்து வைத்து, போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். நெட் இல்லாமல் வாசிக்க மொழிபெயர்ப்பை முன்பே டவுன்லோட் செய்திருக்க வேண்டும். எல்லா மொழிபெயர்ப்புக்கும் அது கிடைக்காது, பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'ஆப் பின்னிங்' (ஒரே ஆப் மட்டும் திரையில் நிற்கும் வசதி) இருந்தால் ஆன் செய்து வேத ஆப்பைத் திரையில் நிலைநிறுத்தி வையுங்கள். பின் நம்பர் கேட்கும்படி அமைத்தால் தெரியாமல் கைபட்டு வெளியே போகாது.

தொடர்ந்து எத்தனை நாள் திறந்தீர்கள் என்று எண்ணிக் காட்டும் கணக்கு நமக்குப் பிடிக்கவில்லை. எண் அறுந்துவிடக் கூடாதே என்று தூக்கக் கலக்கத்தில் ஒரு வசனத்தைத் தொட்டுவிட்டு மூடுபவர்கள் உண்டு. அது வாசிப்பு அல்ல, வருகைப் பதிவு. அந்த அறிவிப்பையும் நண்பர்கள் பற்றிய அறிவிப்புகளையும் அணைத்துவிட்டு, தினசரி நினைவூட்டலை மட்டும் வையுங்கள். அதன் நேரமும் உங்கள் ஊர் நேரமாக இருக்கட்டும்: ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து நடவு மும்முரமானால் காலை ஐந்து மணி வயலுக்குப் போய்விடும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றுங்கள். ஒலி வசதி உள்ள மொழிபெயர்ப்பைத் தேர்ந்தால் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்தே கேட்கலாம். கண் மங்கிய பெரியவர்களுக்கும் இதுதான் சௌகரியம்.

கத்தோலிக்கர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பழைய மொழிபெயர்ப்பில் 66 புத்தகங்கள்தான். தோபித்து, மக்கபேயர் எல்லாம் சேர்ந்த 73-ம் வேண்டுமென்றால் 1995-ல் வந்த திருவிவிலியத்தை அச்சுப் பிரதியாக வாங்கிக்கொள்வது நல்லது. சாயங்காலக் குடும்ப ஜெபத்துக்கு எந்தச் சபையாரானாலும் அச்சுப் பிரதியே வசதி: பிள்ளைகள் கையில் போன் கொடுக்கவேண்டியதில்லை.