தட்டைமுனை வார்ப்பு ஈயக் குண்டுகள்: அகல முனையா, மென்கலவையா?

ரைஃபிள் வேட்டைக்கு வார்ப்பு ஈயக் குண்டு தேடத் தொடங்கினால் முதலில் கண்ணில் படுவது முனையின் வடிவம்தான். உருண்டைத் தோளும் தட்டை முனையும் கொண்டது, நீள முனை, அகல முனை, வெட்டுவிளிம்பு என்று வகைகள் வரிசை கட்டி நிற்கும். பெரும்பாலானவர்கள் இவற்றுள் மிக அகலமானதையும், கூடவே கிடைக்கிற மிகக் கடினமான ஈயத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மான், காட்டுப்பன்றி அளவிலான விலங்குகளுக்கு அந்த இரட்டைத் தேர்வு பல நேரம் பொருந்துவதில்லை. குண்டு குழலுக்குப் பொருந்துகிறதா என்பதை முதலிலும், ஈயத்தின் பதத்தை (மென்மையா, கடினமா) இரண்டாவதாகவும், முனை அகலத்தை மூன்றாவதாகவும் பார்க்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

தட்டை முனை ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். குழாய் மேகசினும் (தோட்டாக்கள் காத்திருக்கும் பகுதி), தோட்டாவை ஏற்ற இயக்கும் நெம்புகோலும் கொண்ட லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளில் தோட்டாக்கள் (உறை, மருந்து, குண்டு சேர்ந்தவை) ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னிருக்கும் குண்டின் முனை, முன்னிருக்கும் தோட்டாவின் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மீது சாய்ந்திருக்கும். முனை கூராக இருந்தால் பின்னுதைப்பின் அதிர்ச்சியில் அந்தப் பிரைமர் வெடித்துவிடலாம். ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 ரைஃபிளும், அதற்காக 1895-இல் வந்த .30-30 தோட்டாவும் தட்டை முனையோடு பிரிக்க முடியாதபடி இணைந்தது இந்தப் பாதுகாப்புக் காரணத்தால்தான்.

இரண்டாவது காரணம் காயத்தின் தன்மை. உருண்டை முனை தசையை ஒதுக்கிவிட்டு வழுக்கிச் செல்லும். தட்டை முனை எதிர்ப்படும் தசையையும் திரவத்தையும் பக்கவாட்டில் வேகமாகத் தள்ளும்; குண்டு விரியாவிட்டாலும் அதன் விட்டத்தைவிடப் பெரிய காயப்பாதை உண்டாகும். அதோடு, தட்டை முனைக் குண்டு உடலுக்குள் திசை மாறாமல் நேராகப் போகும். உருண்டை முனை எலும்பில் பட்டால் வளைந்து செல்லும் வாய்ப்பு அதிகம். வேகத்தை நம்ப முடியாத வார்ப்புக் குண்டுக்கு இந்த இரண்டும் பெரிய பலம்.

முனைகளுக்குள் போட்டி

லீவர் ரைஃபிள்களுக்கான பழைய, நம்பகமான வடிவம் உருண்டைத் தோளும் நடுத்தரத் தட்டையும் கொண்டது. தட்டைப் பரப்பின் அகலம் குண்டு விட்டத்தில் ஏறத்தாழ 60, 65 சதவீதம் இருக்கும். .30-30-க்கான லைமன் நிறுவனத்தின் 311041 வார்ப்பு அச்சு இந்த வகைதான். எடை சுமார் 173 கிரெய்ன் (குண்டின் எடையை அளக்கும் சிறு அலகு), அடியில் வாயுவிலிருந்து காக்கும் செப்புக் கிண்ணம். .45-70 தோட்டாவுக்கான லைமன் 457193 இதே குடும்பத்தைச் சேர்ந்த 405 கிரெய்ன் குண்டு, கிண்ணம் இல்லாத வெற்று அடி. இவற்றின் சிறப்பு, மேகசினிலிருந்து அறைக்குள் (சுடும்போது தோட்டா இருக்கும் குழலின் பின்பகுதி) தடங்கலின்றி ஏறுவது.

அகல முனை வகையில் தட்டைப் பரப்பு விட்டத்தில் முக்கால் பங்கை எட்டும், சில அச்சுகளில் அதையும் தாண்டும். கிட்டத்தில் இதன் தாக்கம் கண்கூடு. ஆனால் மூன்று இடங்களில் விலை கொடுக்க வேண்டும். காற்றுத் தடை கூடுவதால் வேகம் சீக்கிரம் குறையும். பல லீவர் ரைஃபிள்களில் அகன்ற விளிம்பு அறை வாயில் முட்டி நின்றுவிடும். மூன்றாவது, பலரும் கவனிக்காதது: முழு அகலம் முனைவரை நீள்வதால், தோட்டாவைச் சரியான நீளத்தில் அமைத்தாலும் குண்டு, அதைச் சுழலவைக்கக் குழலின் உள்ளே வெட்டிய சுழல்வரியின் தொடக்கத்தில் மோதலாம்.

நீள முனை இரண்டுக்கும் நடுவே நிற்கும். எடையின் பெரும்பகுதி உறைக்கு வெளியே இருப்பதால் உறைக்குள் வெடிமருந்துக்கு இடம் மிஞ்சும். ஆனால் தோட்டாவின் மொத்த நீளத்துக்கு ரைஃபிள் ஒரு வரம்பு வைத்திருக்கும். .30-30-க்கு அது 2.550 அங்குலம். நீள முனைக் குண்டு வாங்குபவர், உறையின் வாய் மடிந்து பிடிக்கும் கிரிம்ப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று பார்த்தே வாங்க வேண்டும்.

தோளில் கூரான விளிம்பு கொண்ட வெட்டுவிளிம்பு வகையை நான் ரைஃபிளுக்குப் பரிந்துரைக்கமாட்டேன். அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் பெயரோடு புகழ்பெற்ற அந்த வடிவம் ரிவால்வருக்காகப் பிறந்தது. ரிவால்வரில் தோட்டாவைக் கையால் அறைக்குள் வைக்கிறோம், விளிம்பு எங்கும் இடிக்காது. லீவர் ரைஃபிளில் அதே விளிம்புதான் முதலில் சிக்கும். காயத்தை உண்டாக்குவதில் பெரும்பங்கு முன்தட்டைக்கே உரியது என்பதால், சிக்கலுக்கு ஈடாகப் பெரிய ஆதாயமும் இல்லை.

ஈயத்தின் பதம்: உண்மையான போட்டி இங்கேதான்

உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் எண்ணில் (எண் கூடினால் கடினம் கூடும்) சுத்த ஈயம் ஏறக்குறைய 5. இருபதுக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் 10 அளவுக்கு வரும். கார் சக்கர எடைகளை உருக்கிய ஈயம் 9 முதல் 12 வரை. 90 பங்கு ஈயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆன்டிமணி கொண்ட 'லைமன் எண் 2' கலவை சுமார் 15. அச்சுத் தொழிலில் புழங்கிய லினோடைப் உலோகம் 84 ஈயம், 4 வெள்ளீயம், 12 ஆன்டிமணி என்ற அளவில் 22-ஐ எட்டும்.

கடினமான குண்டு ஆழமாகப் போகும், குழலில் ஈயம் படியாது என்பதே பரவலான நம்பிக்கை. முதல் பாதி பெரும்பாலும் சரி. இரண்டாம் பாதி பாதி உண்மைதான். மென்மையான குண்டு அழுத்தத்தில் அடிப்பக்கம் சற்றே பருத்துக் குழலை அடைத்துக்கொள்ளும். குறைந்த அழுத்தத் தோட்டாவில் மிகக் கடினமான குண்டைப் போட்டால் அது பருக்காது. இடைவெளி வழியே சூடான வாயு பீறிட்டுக் குண்டின் ஓரத்தை அரிக்கும். அரித்த ஈயம் குழலில் ஒட்டிக்கொள்ளும். ஈயம் படிகிறதே என்று இன்னும் கடினமான குண்டுக்குப் போகிறவர் பிரச்சினையைப் பெரிதாக்கிக்கொள்கிறார்.

வேட்டையில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. பிரினெல் 10, 12 அளவிலுள்ள குண்டு விநாடிக்கு சுமார் 1400 அடி வேகத்தில் பட்டாலே முன்பக்கம் காளான்போல் விரியத் தொடங்கும். அதே குண்டை 2000 அடிக்கு மேல் ஓட்டிக் கிட்டத்தில் தோள் எலும்பில் அடித்தால் அளவுமீறிச் சிதைந்து, ஆழம் போகாமல் நின்றுவிடலாம். பிரினெல் 20-க்கு மேலுள்ள குண்டு இந்த வேகங்களில் விரிவதே அரிது. விலா எலும்புகளுக்கு நடுவே நுழைந்து மறுபுறம் வெளியேறிவிடும். அங்கே வேலை செய்வது முனையின் தட்டை மட்டுமே. மான் போன்ற மெல்லிய உடலுள்ள விலங்கு நுரையீரலில் அடிபட்டும் வெகுதூரம் ஓடிப்போக இது ஒரு முக்கியக் காரணம். அடிபட்ட விலங்கு புதருக்குள் நெடுநேரம் துடித்துக் கிடப்பதை எந்த வேட்டைக்காரரும் விரும்பக் கூடாது. குண்டுத் தேர்வில் எனக்கு இருக்கும் அக்கறை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

லினோடைப் போன்ற ஆன்டிமணி மிகுந்த கலவைகளுக்கு இன்னொரு குறை உண்டு: கடினமானவை, ஆனால் நொறுங்கக்கூடியவை. பெரிய எலும்பில் பட்டால் முன்பகுதி உடைந்து சிதறலாம். வெள்ளீயமும் ஆன்டிமணியும் சம அளவில் இருக்கும்போது கலவை நொறுங்காமல் வளைந்து கொடுக்கும். 'எண் 2' கலவை இத்தனை காலம் நிலைத்து நிற்பதற்கு அந்தச் சமநிலையே காரணம். ஆன்டிமணியும் சிறிதளவு ஆர்செனிக்கும் கலந்த ஈயத்தை அச்சிலிருந்து நேராகத் தண்ணீரில் போட்டும் கடினமாக்கலாம். ஆனால் கடினத்தன்மை நாட்கள் செல்லச் செல்ல மாறும் என்பதால், வார்த்த அன்றே அளந்து பார்த்த எண்ணை நம்ப வேண்டாம்.

கடையில் 'ஹார்டு காஸ்ட்' (கடின வார்ப்பு) என்று கிடைப்பவற்றுள் பல 92 ஈயம், 6 ஆன்டிமணி, 2 வெள்ளீயம் என்ற அளவில் வார்க்கப்பட்டு பிரினெல் 15, 16 அளவில் இருக்கும். பெட்டியில் ஒன்றோடொன்று மோதி நசுங்காமல் வந்து சேர்வதற்கு அந்தக் கடினம் வசதி. இலக்குச் சுடுதலுக்கு அது போதும். வேட்டைக்கு வாங்கும்போது பிரினெல் எண்ணைக் கேட்டே வாங்குங்கள்; எண் சொல்லத் தயங்கும் விற்பனையாளரைத் தவிர்ப்பது நல்லது.

முன்பகுதி மென்மையாகவும் பின்பகுதி கடினமாகவும் இரண்டு கலவையில் வார்ப்பவர்களும் இருக்கிறார்கள். முறை அருமையானது, ஆனால் பொறுமை வேண்டும். இரண்டும் ஒட்டாமல் போனால் குண்டு பிளந்துவிடும். முனையில் குழி வைத்த வார்ப்புக் குண்டுகள் மென்கலவையில் நன்றாக விரியும், கடின கலவையில் இதழ்கள் முறிந்து பறக்கும்.

அடிப்பகுதியும் அளவும்

வெற்று அடிக் குண்டும் செப்புக் கிண்ணம் பொருத்திய குண்டும் வேகத்தால் பிரிகின்றன. விநாடிக்கு 1400, 1500 அடி வரை வெற்று அடி சமாளிக்கும். அதற்கு மேல் வாயு அடிப்பக்கத்தை அரிக்கத் தொடங்கும். கிண்ணம் இருந்தால் .30-30-இல் 1800 முதல் 2000 அடி வரை நிம்மதியாகப் போகலாம். இதில் நான் பெரிதாக மதிப்பது வேகத்தை அல்ல, கலவைச் சுதந்திரத்தை: கிண்ணம் அடியைக் காப்பதால் உடலுக்கு மென்கலவையைப் பயன்படுத்த முடிகிறது. .30, .35 விட்டங்களில் வேட்டை என்றால் கிண்ணம் உள்ளதையே எடுங்கள். .45-70-இன் மெதுவான தோட்டாக்களுக்கு அது தேவையில்லை.

அளவைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். வார்ப்புக் குண்டு, குழலின் சுழல்வரிப் பள்ள விட்டத்தைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டு பங்குவரை பெரியதாக இருக்க வேண்டும். .308 அங்குலப் பள்ளமுள்ள குழலுக்கு .309 அல்லது .310. பெட்டியில் அச்சிட்ட எண்ணை வைத்து முடிவெடுக்காமல், சொந்தக் குழலுக்குள் மென் ஈயத் துண்டைத் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். பெயரளவில் ஒரே விட்டமுள்ள ரைஃபிள்களும் உண்மையில் வேறுபடும்; .44 மேக்னம் லீவர் ரைஃபிள்கள் சிலவற்றில் பள்ளம் .431 அங்குலத்தைத் தாண்டும், அங்கே .429 குண்டு தளர்ந்து கிடக்கும். குண்டு பொருந்தாத குழலில் எந்த முனையும் எந்தக் கலவையும் துல்லியம் தராது.

எடையையும் சுழல்வரியின் முறுக்கு கட்டுப்படுத்தும். மார்லினின் பழைய .444 ரைஃபிள்களில் 38 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். நீளமான கனத்த குண்டு அங்கே நிலைபெறாமல் தள்ளாடும். 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றுள்ள .45-70-இல் 400 கிரெய்னுக்கு மேற்பட்ட குண்டுகளும் நேராகப் போகும். தூரத்தையும் மறக்கக் கூடாது: 405 கிரெய்ன் தொழிற்சாலைத் தோட்டா விநாடிக்கு 1330 அடி வேகத்தில் கிளம்பி 100 கெஜத்தில் 1170 அடி வேகத்துக்கு அருகில் இறங்கிவிடும், 100 கெஜத்துக்குக் குறிவைத்த ரைஃபிளில் 200 கெஜத்தில் ஏறத்தாழ 2 அடி கீழே விழும். அந்த வேகத்தில் மென்குண்டும் அதிகம் விரியாது. ஆகவே .45 விட்டத்தில் முனையின் தட்டை முழுப்பொறுப்பு ஏற்கிறது; .30 விட்டத்தில் அந்தப் பொறுப்பைக் கலவையும் பகிர்ந்துகொள்கிறது. அகல முனையா, மென்கலவையா என்ற கேள்விக்கு விட்டத்தைப் பொறுத்து விடை மாறுவது இதனால்தான்.

எதற்கு எது

.30-30 அல்லது .35 ரெமிங்டன், 100 கெஜத்துக்குள் மான் என்றால் நடுத்தரத் தட்டை முனை, செப்புக் கிண்ணம், பிரினெல் 10 முதல் 12, இலக்கில் படும் வேகம் விநாடிக்கு 1500 அடிக்கும் 1900 அடிக்கும் இடையில். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. .44 மேக்னம் அல்லது .45-70-இல் பன்றி, பெரிய மான் என்றால் அகல முனை, பிரினெல் 12 முதல் 15. ரைஃபிள் தடங்கலின்றி ஏற்றுமானால் மட்டும். கனத்த எலும்பும் தடித்த தசையும் உள்ள பெரிய விலங்குக்கு மட்டுமே அகல முனையும் நொறுங்காத கடின கலவையும் சேர வேண்டும். அங்கே ஆழம் போதாமல் போவதே முதல் ஆபத்து.

எதைத் தேர்ந்தாலும் விரிவைச் சோதித்துப் பாருங்கள். நனைத்த செய்தித்தாள் கட்டுகளை இறுக்கி அடுக்கி, வேட்டையில் சுடும் அதே தூரத்தில் சுட்டு, குண்டை எடுத்து எடை போடுங்கள். எடை பெரிதும் குறைந்திருந்தால் கலவை நொறுங்குகிறது. வடிவமே மாறாமல் வந்தால் விரியவில்லை. மேகசினிலிருந்து ஏறும் சோதனைக்குப் பிரைமரும் மருந்தும் இல்லாத போலித் தோட்டாக்கள் போதும். லீவரை மெதுவாகவும் வேகமாகவும் இயக்கிப் பார்க்க வேண்டும்.

இந்த ஒப்பீட்டுக்கு வெளியே நின்றாலும் ஈயமில்லாத தாமிரக் குண்டுகளைச் சொல்லாமல் விட முடியாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டுக்கு முழுத் தடை. இறந்த விலங்கின் உடலிலிருந்து ஈயத்தை விழுங்கி மாண்ட காண்டோர் கழுகுகள் அந்தச் சட்டத்துக்கு ஒரு முக்கியக் காரணம். டென்மார்க்கும் 2024-இல் ரைஃபிள் குண்டுகளில் ஈயத்தைத் தடைசெய்தது. இங்கிலாந்தின் 1991 மான் சட்டமோ ரைஃபிளில் மென்முனை அல்லது குழிமுனைக் குண்டையே அனுமதிக்கிறது. சட்டம் அனுமதிக்கும் இடங்களிலும் குண்டு சென்ற பாதையைச் சுற்றியுள்ள இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறிய வேண்டும், குடலையும் கழிவையும் கழுகுக்கு எட்டாமல் புதைக்க வேண்டும். விரியாத கடினக் குண்டு, ஈயத்துக்கு உலோக மேலுறை போர்த்திய அதிவேகக் குண்டைவிடக் குறைவான துகள்களையே சிதறவிடும்; ஆனாலும் துகள் உண்டு, ஈயம் நஞ்சு. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உண்ணும் இறைச்சி என்றால் .30-30-க்கு பார்ன்ஸ் நிறுவனம் வெளியிடும் 150 கிரெய்ன் தட்டைமுனைத் தாமிரக் குண்டு போன்றவற்றுக்கு மாறிவிடுவதே சரி என்பேன், விலை கூடினாலும்.