கத்ரினாவுக்குப் பிறகான நியூ ஆர்லியன்ஸ்: எந்தத் தொடரை முதலில் பார்ப்பது?

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரினா புயல் கரையைக் கடந்தது. வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்து அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சுமார் 80 சதவீதம் தண்ணீரில் மூழ்கியது. இந்தப் பேரழிவைப் பற்றி இரண்டு முக்கியமான தொடர்கள் இருக்கின்றன. எதை முதலில் பார்ப்பது என்று என்னிடம் கேட்டால், யோசிக்காமல் ‘ட்ரெமே’ என்பேன்.

மற்றொன்று 2022-இல் வந்த ‘ஃபைவ் டேஸ் அட் மெமோரியல்’. எட்டே அத்தியாயங்கள். மின்சாரம் போன ஒரு மருத்துவமனைக்குள் ஐந்து நாட்கள், நாளுக்கு ஓர் அத்தியாயம். மீதி மூன்றில் நோயாளிகள் எப்படி இறந்தார்கள் என்ற விசாரணை. பாதியில் எழுந்து போக முடியாது, அவ்வளவு இறுக்கம். ஆனால் ஊர் எப்படி மறுபடி எழுந்தது என்பது அதன் கதை இல்லை.

‘ட்ரெமே’ (2010–2013) புயல் அடித்து மூன்று மாதம் கழித்துத்தான் தொடங்குகிறது. முதல் காட்சியே பேரம்! புயலுக்குப் பின் நடக்கும் முதல் ‘செகண்ட் லைன்’ (வாத்தியக் குழுவின் பின்னால் மக்கள் ஆடிக்கொண்டு போகும்) ஊர்வலத்துக்கு வாத்தியக்காரர்களோடு கூலி பேசுகிறார்கள். டிராம்போன் வாசிக்கும் ஆன்ட்வான் தாமதமாக டாக்சியில் வந்து இறங்கி, வாடகைக்கு மல்லுக்கட்டுகிறார். அந்த வேடத்தில் நடித்த வெண்டல் பியர்ஸ் அந்த ஊர்க்காரர்தான். ஊர் பிழைத்துவிட்டது, ஆனால் கையில் காசில்லை என்பது அந்தச் சில நிமிடங்களிலேயே புரிந்துவிடுகிறது.

லடோனா ஒரு மதுக்கடை நடத்துகிறார். கடையின் கூரையைச் சரிசெய்ய ஒப்புக்கொண்ட ஆள் வேலையை முடித்துத் தருவதாக இல்லை. இன்னொரு பக்கம், புயல் நேரத்தில் போலீஸ் காவலில் இருந்த தம்பியைத் தேடி அலைகிறார். கூரைக்கும் தம்பிக்கும் நடுவே அவர் படும் பாடு போல ஒன்றை நான் வேறு எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை. அப்புறம் ஆல்பர்ட். ‘மார்டி கிரா இந்தியர்’ குழுவின் தலைவர்; மார்டி கிரா திருவிழாவில் அமெரிக்கப் பூர்வகுடிகள் பாணியில் இறகு உடை அணிந்து ஆடும் கறுப்பினக் குழு அது. வீடு பாழாய்க் கிடக்க, ஒத்திகைக்காக ஒரு மதுக்கடையைக் கூட்டிக் கழுவுகிறார். இறகு உடைக்கு ஒவ்வொரு மணியாக ஊசியில் கோத்துத் தைக்கிறார். ஆட்கள் திரும்பி வந்தால்தானே ஆட்டம்? அவர்கள் தங்க வீடு வேண்டுமே! அதனால் பூட்டிக் கிடக்கும் அரசுக் குடியிருப்பில் புகுந்து உட்கார்ந்து போராடி, கைதாகிறார்.

குறையும் உண்டு. பாத்திரங்கள் ஏராளம், வேகம் குறைவு. 36 அத்தியாயங்களுக்குப் பொறுமை வேண்டும். ஐந்தே அத்தியாயங்கள் கொண்ட கடைசி சீசன் அவசரமாக முடிகிறது.

சரி, அத்தனை நேரம் இல்லை என்பவர்கள் ஸ்பைக் லீயின் 2006 ஆவணப்படம் ‘வென் தி லெவீஸ் ப்ரோக்’ பார்க்கலாம். நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதில் தன் குடும்பம் பட்டதைக் கோபம் கொப்பளிக்கச் சொல்லும் ஃபிலிஸ் மொன்டானா-லெபிளாங்க், பிறகு ‘ட்ரெமே’யில் ஆன்ட்வானின் துணைவியாகவே நடித்தார். அவர் பேசுவதை முதலில் கேட்டுவிட்டு, அதே முகத்தைத் தொடரில் கைக்குழந்தையோடு பாருங்கள்.