கஸ்டர்டா, கடற்பாசியா, தேங்காய்ப்பாலா? எந்தப் பழத்துக்கு எது பொருந்தும்

சித்திரையில் மாம்பழம், ஆனியில் பலா, புரட்டாசியில் சீத்தாப்பழம், மார்கழியில் கொய்யா. பழம் மாறிக்கொண்டே இருந்தாலும் பல வீடுகளில் இனிப்பு மட்டும் மாறுவதில்லை. எது கிடைத்தாலும் நறுக்கிக் கஸ்டர்டில் கொட்டிவிடுகிறார்கள். பங்கனப்பள்ளிக்கு அது அருமையாகப் பொருந்தும். வேகவைக்காத பச்சை அன்னாசியைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் கசந்துவிடும். பழத்தின் புளிப்பு, நீர், அதிலுள்ள நொதி (என்சைம்) ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் எதில் சேர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

கஸ்டர்ட்

வேலை குறைவு, குழந்தைகளுக்கும் பிடிக்கும். அரை லிட்டர் கொழுப்புள்ள பாலுக்கு 2 மேசைக்கரண்டி கஸ்டர்ட் பவுடர், 4 மேசைக்கரண்டி சர்க்கரை. பவுடரை ஆறிய பாலில்தான் கரைக்க வேண்டும். சூடான பாலில் போட்டால் கட்டி தட்டும். கரைத்ததைக் கொதிக்கும் பாலில் ஊற்றிய பிறகு, சிறு தீயில் கிளறியபடி இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். இதை அவசரமாக முடித்தால் மாவு வாடை போகாது. கரண்டியின் பின்புறம் மெல்லியதாக ஒட்டும் பதத்திலேயே இறக்கிவிடுங்கள், ஆறும்போது தானாகக் கெட்டியாகும்.

நேற்று கெட்டியாக இருந்தது இன்று தண்ணீராகிவிட்டது என்பதுதான் அடிக்கடி வரும் புகார். சர்க்கரை பழத்திலிருந்து நீரை இழுத்துவிடுவது ஒரு காரணம். ருசி பார்த்த கரண்டியையே மீண்டும் பாத்திரத்தில் விடுவது இன்னொன்று. எச்சிலிலுள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும். கஸ்டர்டைத் தனியாகக் குளிர வைத்துவிட்டு, பரிமாறுவதற்குச் சற்று முன் பழத்தைச் சேர்ப்பதே வழி. மாம்பழம், வாழை, ஆப்பிள், மாதுளை இதற்குப் பொருத்தமானவை. ஆரஞ்சுச் சுளை பாலைத் திரிக்கும். அன்னாசியிலுள்ள ப்ரோமிலைன் என்ற நொதி பால் புரதத்தைச் சிதைப்பதால்தான் கசப்பு வருகிறது. அன்னாசித் துண்டுகளைச் சர்க்கரையோடு ஐந்தாறு நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும்.

சீத்தாப்பழம் இதற்கு நேர்மாறு. அதைச் சூடாக்கினால் கசக்கும். சுண்டக் காய்ச்சிய பால் முற்றிலும் குளிர்ந்த பிறகே விழுதைக் கலக்க வேண்டும். விதையை எடுக்க மிக்ஸியை நாடாதீர்கள், விதை நச்சுத்தன்மை உள்ளது. பெரிய கண் சல்லடையில் கையால் அழுத்தித் தேய்த்து எடுங்கள்.

கடற்பாசி

நோன்பு மாதத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் தவறாமல் செய்யப்படுவது. கடைகளில் சைனா கிராஸ் என்று கேட்டால் கிடைக்கும். வருடம் முழுவதற்கும் ஒரே ஒரு முறையைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால், தயங்காமல் இதையே சொல்வோம். ஜெல்லியை உறைய வைக்கும் ஜெலட்டின் 35 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். சென்னை வெயிலில் மேசைக்கு வருவதற்குள் நெகிழ்ந்துபோகும். கடற்பாசி சுமார் 85 டிகிரி வரை உருகாது, ஃபிரிட்ஜ் இல்லாமலே உறையும். பச்சை அன்னாசியும் பப்பாளியும் ஜெலட்டினை உறையவே விடாது, ஏனென்றால் அது புரதம். கடற்பாசி புரதமல்ல, அதனால் அந்த நொதிகளால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

மொத்தம் ஒரு லிட்டருக்கு 10 கிராம் கடற்பாசி இழை போட்டால் துண்டு போடும் பதம் வரும். வாயில் கரைய வேண்டும் என்றால் 7 கிராம் போதும். இழையை 20 நிமிடம் ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீரில் கொதிக்க விடுங்கள். கரண்டியில் எடுத்துப் பார்த்தால் ஓர் இழைகூடத் தெரியக் கூடாது. அதன் பிறகுதான் 100 முதல் 150 கிராம் சர்க்கரை. பாலில் செய்தாலும் முதலில் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள், பாலில் நேரடியாகப் போட்டால் சரியாகக் கரையாது.

தவறு நடப்பது பெரும்பாலும் சாறு சேர்க்கும் இடத்தில். கம்பம் பன்னீர் திராட்சைச் சாறு போன்ற புளிப்பான சாற்றைக் கடற்பாசியோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் உறையும் சக்தி குறைந்துவிடும். அடுப்பை அணைத்த பிறகே அரை லிட்டர் சாற்றை ஊற்றுங்கள். புளிப்பு அதிகமென்றால் இழையை 12 கிராமாக்குங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சாற்றை அப்படியே ஊற்றினால் அங்கங்கே திரிதிரியாக உறைந்துவிடும், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு ஊற்றுங்கள். பச்சை அன்னாசி போடும்போது பால் வேண்டாம். கடற்பாசி உறைந்தாலும் பாலின் கசப்பு வந்தே தீரும்.

இதன் குறை, சுவையில் கனம் இருக்காது. மறுநாள் சற்று நீர் விடும். விருந்துக்கு அன்றே செய்யுங்கள்.

தேங்காய்ப்பால் பாயசம்

பண்ருட்டிப் பலாவையும் நாகர்கோவில் பக்கத்து நேந்திரத்தையும் கஸ்டர்டில் போடுவது அவற்றின் மணத்தை வீணடிப்பதுதான். அந்த மணம் வெல்லத்தோடும் நெய்யோடும் சேரும்போதுதான் எழும். பொடியாக நறுக்கிய சுளை கால் கிலோவை 2 மேசைக்கரண்டி நெய்யில் வதக்கி, 150 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, பாகு சுளையில் ஏறும் வரை கொதிக்க விடுங்கள். பிறகு இரண்டாம் தேங்காய்ப்பால் 2 கப் ஊற்றிப் பத்து நிமிடம். தீயைக் குறைத்து முதல் பால் ஒரு கப் ஊற்றி, ஓரம் சூடானதும் இறக்கிவிடுங்கள். கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். சுக்கு அரைத் தேக்கரண்டி, ஏலம், நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல்.

மூன்றில் உழைப்பு அதிகம் இதற்குத்தான். தேங்காய் துருவிப் பிழிவதிலேயே பாதி நேரம் போய்விடும். வெயில் காலத்தில் சில மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க முடியாது. நீலம் மாம்பழத்திலும் செய்யலாம், துளிப் புளிப்பும் இல்லாமல் பழுத்திருக்க வேண்டும்.

கொய்யாவுக்கு இந்த மூன்றும் வேண்டாம். விழுதைக் கெட்டியாக்கும் பெக்டின் அதிலேயே நிறைய இருக்கிறது. வேகவைத்துச் சல்லடையில் தேய்த்த விழுது ஒரு கிலோவுக்கு முக்கால் கிலோ சர்க்கரை, ஒரு எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கிளறினால் பாத்திரத்தை விட்டு அல்வாவாகச் சுருண்டு வரும்.

பலா முடிவதற்குள் ஒரு வேலை பாக்கி. அரைத்த சுளை ஒரு கிலோ, வெல்லம் 600 கிராம், நெய் 150 கிராம் சேர்த்து, அடிகனமான உருளியில் கையில் ஒட்டாத பதம் வரை வரட்டுங்கள். ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. கார்த்திகை மழையில் அதில் 3 மேசைக்கரண்டி எடுத்து ஒரு கப் இரண்டாம் தேங்காய்ப்பாலில் கரைத்துச் சூடாக்கினால் கால் மணி நேரத்தில் பலாப் பாயசம் தயார்.