59 பாகங்களில் ஒரு மந்தமான வீரன்

சுங்கை சிப்புட் கடைத்தெருவில் பழைய சீனத் தொடர்களை விற்கும் கடையொன்றில், ஹாங்காங்கின் டிவிபி நிலையம் 1983இல் தயாரித்த ‘லெஜண்ட் ஆஃப் தி கொண்டோர் ஹீரோஸ்’ தொடரின் டிவிடி தொகுப்பு கிடைத்தது. மலாய் வசன வரிகளை வைத்துக்கொண்டு சீன நாடகங்களைப் பார்த்துப் பழகிய தோட்டப்புறத் தமிழர்களுக்கு இதில் மொழிச் சிரமம் அதிகம் இராது.

மூலநாவல் ஜின் யோங் 1957 முதல் 1959 வரை ஹாங்காங் நாளிதழில் தொடராக எழுதியது. அன்றன்றைக்கு வாசகரை இழுத்துப் பிடிக்க எழுதப்பட்ட கதை என்பதால், பாகம் பாகமாகப் பிரிப்பது எளிது. கதைத்தலைவன் குவோ ஜிங்கைத் திரைக்குக் கொண்டுவருவதுதான் கடினம். மங்கோலியப் புல்வெளியில் ஆசிரியர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்தும் மெதுவாகவே தேறும் ஒரு பையன், விடாப்பிடியான பயிற்சியால் மட்டுமே வீரனாகிறான் என்பதை நம்பவைக்க நேரம் வேண்டும். 59 பாகங்களா என்று மலைப்பவர்கள், அவ்வளவு நீளம் இல்லாவிட்டால் அவன் வெறும் கோமாளியாகியிருப்பான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நான் மிகவும் ரசித்தது சமையல் பகுதியை. பிச்சைக்காரர் சங்கத் தலைவர் ஹோங் சீகொங் நாக்குக்கு அடிமை. அதைத் தெரிந்துகொண்ட ஹுவாங் ரோங், வகைவகையாகச் சமைத்துப் போட்டே தன் காதலன் குவோ ஜிங்குக்கு அவருடைய கைவீச்சுக் கலையைக் கற்றுத்தர வைக்கிறாள். உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடையில் 24 குழிகள் தோண்டி, தௌஃபூவை உருண்டைகளாக்கி அவற்றில் வைத்து அவித்து, சாரம் இறங்கியதும் தொடையைத் தூக்கியெறிந்துவிடுவாள் என்று நாவல் விவரிக்கிறது. எழுத்தில் இந்த வர்ணனையே பசியைக் கிளப்பும். திரையிலோ சாப்பிடுகிறவரின் முகம்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும், ஹோங் சீகொங்காக நடிக்கும் லாவ் டான் அதை அமர்க்களமாகச் செய்கிறார். இத்தனை விருந்துக்கும் நாவலில் ஆசான் முதலில் கற்றுத்தருவது 18 வீச்சுகளில் 15 மட்டுமே. (கெட்டிக்காரக் கிழவர்!) ஹுவாங் ரோங்காக நடிக்கும் பார்பரா யுங்கின் குறும்பு இல்லையென்றால் இந்தப் பகுதி இழுவையாகிவிட்டிருக்கும்.

வட சீனாவை ஆண்ட ஜின் வம்சத்து அரண்மனையில் இளவரசனாக வளர்ந்து, பிறப்பின் உண்மை தெரிந்த பிறகும் அந்தச் சுகத்தை விடமுடியாமல் கெட்டுப்போகும் யாங் காங்குக்குத் தொடர் நாவலைவிடக் கூடுதல் இடம் தருகிறது. மூலத்தைப் போற்றுவோர் முணுமுணுக்கலாம். மைக்கல் மியூவின் நடிப்பைப் பார்த்தபின் எனக்குக் குறைசொல்ல மனம் வரவில்லை.

அட்டைப் பாறைகளும் அரங்கு வெளிச்சமும் பழசாகிவிட்டன. இதே கதையை வைத்துச் சீனாவில் 2017இல் 52 பாகங்களாக வெளிவந்த தொடரின் காட்சியழகோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆனால் ஜோசப் கூவின் இசையில் ரோமன் டாமும் ஜென்னி செங்கும் பாடிய முகப்புப் பாடல், சீனம் தெரியாதவர்களையும் முணுமுணுக்க வைக்கிறது.

தொகுப்பின் தரம்தான் சுமார். வசன வரிகள் சில இடங்களில் படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடுகின்றன. ஒரு தட்டு நடுவில் சிக்கி நின்றது, கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார். வாங்குபவர்கள் எல்லாத் தட்டுகளையும் கடையிலேயே ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.